கயிறு அசைத்த பிறகு

என் வலது கால் பெருவிரல் அன்று காலை நான் சொன்னதைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் என்னை ஒருக்களித்துக் கிடத்தியிருந்தார்கள். மல்லாந்தால் உயிர் போனது. உட்கார்ந்தால் அதைவிட மோசம். எலும்பு டாக்டரம்மா வந்தார். நாசரேத்துக்காரர், என்னைவிட இளையவராகத்தான் தெரிந்தார். வலிக்கிற முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராகக் கால்மாட்டுக்குப் போய் நின்றார்.

“ரெண்டு பெருவிரலையும் மேல தூக்குங்க, பாப்போம்.”

இடது விரல் எழும்பியது. வலது அப்படியே கிடந்தது.

“தூக்குங்க.”

“தூக்கிட்டுத்தான இருக்கேன்!” என்று கத்தினேன். வலி முதுகில் இருக்க, இந்த அம்மா விரலை வேடிக்கை பார்க்கிறாரே என்று எரிச்சல். பக்கத்தில் நின்ற என் மனைவி ரோசம்மாள் குனிந்து என் காலைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

முதுகு பிடித்து, கால் மரத்து, இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் இல்லை. எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் முதுகு வேறு, என் முதுகு வேறு. ஆனால் பயம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவன். என் தாத்தா முத்துக் குளித்தார். முத்துக்குளிப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டதால் எனக்குச் சங்குதான். காலைக் கல்லில் ஊன்றிக் கடலடிக்கு இறங்குவோம். இறங்கியதும் கல்லை விட்டுவிட்டு, மூச்சு இருக்கும் வரை சங்கு பொறுக்கிப் பையில் போடுவோம். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை ஓர் அசை அசைத்தால், மேலே வள்ளத்தில் நிற்பவன் இழுத்துவிடுவான்.

அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தன் அக்காள் தாலியோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் கயிற்றைக் கைவிட மாட்டான் அல்லவா. என் கயிறு ரோசம்மாளின் தம்பி சூசையிடம் இருந்தது. அசைத்த பிறகு குளிப்பவன் எதுவும் செய்யக் கூடாது. காலை உதைத்தால் மூச்சு வீணாகும், கயிறு சிக்கும். உடம்பைத் தளர விட்டுத் தொங்கிக்கொண்டு வர வேண்டும். பிடிப்பவனும் யோசிக்கக் கூடாது. அசைந்தால் இழுக்க வேண்டியதுதான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் எங்களை உள்ளே விடாது. கரையோரம் ஒரு பழைய கிட்டங்கியில் (சரக்கு அடைத்து வைக்கும் கட்டடம்) எடை தூக்கும் கம்பியான பார்பெல்லும் அதில் மாட்டும் பிளேட்டுகளும் வாங்கிப் போட்டு, அந்த மாதங்களில் உடம்பைத் தேற்றிக்கொள்வோம். புதுத் துறைமுகத்துக்கு முதல் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. கப்பல்காரர்கள் சிலர்கூட வந்து கம்பி தூக்கிவிட்டுப் போவார்கள்.

எனக்குப் பிடித்தது ஸ்குவாட். வேறொன்றுமில்லை, நம்மூர் பஸ்கிதான். பார்பெல்லைக் கழுத்துக்குப் பின்னால் தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். கடலில் இறங்குகிறவனுக்கு மூச்சுத் திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்தால், அதை விடாமலே பல தடவை உட்கார்ந்து எழுந்து காட்டுவேன். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதற்காகத்தான் செய்தேன்.

அன்று எடையும் அதிகம். கடைசித் தடவை உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. கண் இருட்டியது. பின்னால் நின்ற சூசை கம்பியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். என் இடுப்புக்குள் ஈரத் துணி கிழிகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் யாருக்கும் கேட்கவில்லையாம். பிறகு கம்பி உருண்டு விழுந்ததும், என்னைப் பலகையில் தூக்கிப்போனதும் அரைகுறையாக நினைவிருக்கிறது.

டிஸ்க் விலகியிருக்கிறது என்றார் டாக்டரம்மா (டிஸ்க் என்பது முதுகெலும்புக் கட்டைகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் வட்டக் குருத்தெலும்பு. அது பிதுங்கினால் பக்கத்தில் ஓடும் நரம்பை நெரிக்கும்). காலுக்குப் போகிற நரம்பு நெரிபட்டதால் விரல் செத்துக் கிடக்கிறது. இப்படியே விட்டால் பாதம் தொங்கிப்போகலாம்.

“சங்கு குளிக்கப் போலாமா, டாக்டரம்மா?”

“மொதல்ல கக்கூசுக்குப் போக முடியுதான்னு பாப்போம்” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் ரவுண்ட்ஸ் வரும்போது அதைத்தான் முதலில் கேட்பார். சிறுநீர் தெரியாமல் போகிறதா, தொடைகளுக்கு நடுவே மரத்திருக்கிறதா என்று. அந்த இரண்டில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது, உடனே கத்தி வைக்க வேண்டும் என்று ரோசம்மாளிடம் சொல்லிவைத்திருந்தார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அது வந்தால் இந்தக் கட்டுரையைக் கீழே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சூசை மறுநாள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். எனக்கு இருந்த ஆத்திரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“அத்தான்...”

“இழுக்கத் தெரியாதவன் ஏம்ல பின்னால நின்ன?”

அவன் திரும்பி நடந்தான். அதன் பிறகு வரவில்லை. கரையில் கதை எனக்கு முன்னால் ஓடியிருந்தது. அத்தான் முதுகை ஒடித்தவன் என்று பெயர். பெயர் வந்தபின் அவனிடம் கயிற்றை யார் கொடுப்பார்கள்? முத்தையாபுரத்தில் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்விட்டான். பிறந்த நாளிலிருந்து கடல் தெரியாத இடத்தில் படுத்தறியாதவன்.

“ஒங்க முதுகும் எனக்கு வேணும், என் தம்பியும் எனக்கு வேணும்” என்று ரோசம்மாள் ஒரு நாள் சொன்னாள். “ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லாதிய.”

நான் படுத்திருந்த வைத்தியத்துக்கு டிராக்‌ஷன் என்று பெயர் (இடுப்பில் பட்டை கட்டி, எடை தொங்கவிட்டு, முதுகெலும்பை மெல்ல இழுத்து வைப்பது). பட்டையிலிருந்து கயிறு, கட்டில் முனையில் கப்பி, கயிற்றின் மறுமுனையில் எடை. அதைப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கயிறு இல்லாமல் எனக்கு வாழ்வு இல்லை போலிருக்கிறது. யாரும் இல்லாத ஒரு மதியத்தில் அந்தக் கயிற்றை அசைத்துப் பார்த்தேன். யாரும் இழுக்கவில்லை.

பார்க்க வந்தவர்களின் வைத்தியத்துக்குக் குறைவில்லை. வேம்பாரிலிருந்து என் பெரியப்பா மகன், காலால் பிறந்த ஒருவரையே கையோடு அழைத்து வந்துவிட்டார். தலைக்கு முன் கால் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகுமாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராகவும் ஆகிவிட்டார். ரோசம்மாள் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

“மிதிக்கணும்னா மொதல்ல என்ன மிதிச்சிட்டுப் போங்க, அண்ணாச்சி.”

காலால் பிறந்தவர் நல்ல மனிதர். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வலி முதலில் கணுக்கால் வரை இருந்தது. பிறகு முழங்காலோடு நின்றது. பிறகு புட்டத்தோடு. முதுகில் மட்டும் முன்னைவிடக் கூடுதலாக வலிப்பதாகப் புலம்பினேன். டாக்டரம்மா முதன்முறையாகச் சிரித்தார். காலில் கீழே இறங்குகிற வலிதான் கெட்டது, மேலே ஏறி முதுகோடு ஒதுங்கினால் நரம்பு விடுபடுகிறது என்று அர்த்தமாம். கத்தி வேண்டியிருக்காது என்றார். பெருவிரல் அப்போதும் அசையவில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவர் கேட்டார்: “அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? பின்னால நின்னவரையும் கூட்டிட்டு வாங்க. எனக்குப் பாக்கணும்.”

ரோசம்மாள் பஸ் ஏறி முத்தையாபுரத்துக்குப் போய், தம்பியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. டாக்டரம்மா வார்டு துடைக்கிற கம்பை வாங்கி என் தோளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதைத் தொடும் வரை மட்டும் உட்காரலாம் என்றார்.

உட்கார்ந்தேன். “இங்கனதான் மாட்டிக்கிட்டேன்” என்றேன்.

“சரி. அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. இவன் இழுத்தான்.”

“இதான், டாக்டரம்மா!” என்று சூசை கத்தினான். “பாத்தியளா? அத்தான் கையப் பாருங்க. அசச்சாவ! அன்னைக்கும் இப்படித்தான் அசச்சாவ. அசச்சா இழுக்கணும்லா?”

என் கையை நானே பார்த்தேன். கம்பைப் பிடித்திருந்த வலது கை, கயிற்றை அசைக்கிற அதே அசைவை அசைத்து முடித்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

டாக்டரம்மா என் காலைப் பார்த்தார். “அவர் இழுக்கும்போது நீங்க காலை ஊனி எந்திரிச்சீங்களா?”

“இல்ல. அசச்ச பெறவு சும்மா கெடக்கணும். அதான் பழக்கம்.”

“ஒடம்பத் தளர விட்டுட்டீங்க?”

“ஆமா.”

“தண்ணிக்குள்ள ஒடம்பு லேசா இருக்கும். இங்கன அத்தன பாரமும் தளந்த முதுகுல தொங்கியிருக்கு. அதோட சேத்து இவர் பின்னால இழுத்திருக்கார்.” அவர் யாரையும் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. “ரெண்டு பேரும் கடல்ல செய்றதத்தான் செஞ்சிருக்கீங்க.”

சூசை சுவரோரம் திரும்பி நின்று தேம்பினான். அவனைத் தொட வேண்டும்போல இருந்தது. கையில் கம்பு இருந்தது, முதுகு திரும்பவில்லை. “அழாதல. எல்லாரும் பாக்காவ” என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சங்குக் காலம் முழுவதும் நான் இல்லாமலே போனது. வள்ளங்கள் போவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இனி நான் சூசையின் கயிற்றில் இறங்குவேனா? கால் சரியானாலும் மனசு சரியாக வேண்டும். தப்பு அவனுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் பின்னால் யாராவது வந்து நின்றாலே என் முதுகு இறுகிக்கொண்டது. என் சொந்த மகன் நின்றாலும்தான்.

பார்பெல்லைத் தொடவே கூடாது என்பதுதான் டாக்டரம்மாவின் முதல் தீர்ப்பு. நான் விடவில்லை. “கல்லத் தூக்கி வள்ளத்துல வைக்கணும். சங்குப் பையத் தூக்கணும். அதுக்கு யாருகிட்டப் போய்ப் படிக்க?” என்று நச்சரித்தேன். ஒரு நாள் அவர் அதே துடைக்கிற கம்பைக் கொண்டுவரச் சொன்னார். பின்னால் வைத்து உட்கார்ந்தேன், முன்னால் வைத்து உட்கார்ந்தேன். என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வைத்தால் நான் முன்பக்கம் கவிழ்ந்தேன். முன்னால் வைத்தால் கவிழ முடியவில்லை. கவிழ்ந்தால் கம்பு உருண்டு விழுந்துவிடும்.

“இதச் செய்ங்க” என்றார். “நான் இதப் படிச்சதில்ல. கண்ணால பாத்துத்தான் சொல்லுதேன். கால்ல வலி எறங்குனா அன்னையோட நிறுத்திரணும். பெருவிரல் சொன்னதக் கேக்காம கம்பியத் தொடக் கூடாது.”

விரல் கேட்கத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில். முழங்காலில் நின்றிருந்தபோது செருப்பில்லாத காலில் ஏதோ ஊர்வதாக நினைத்துத் திரும்பினேன். என் விரல்தான், தரையை விட்டு இம்மியளவு எழும்பி நின்றது. பாட்டு நடுவில் ரோசம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “சும்மா கெடங்க” என்று அதட்டியவள், பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்னால் வைத்து எடுக்கும் ஸ்குவாட்டை நான் எப்படிக் கற்றேன் என்று எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள்.

முதலில் கம்பிக்குப் பதில் துடுப்பு. அதை முன்தோள்களின் மேல், கழுத்தெலும்பை ஒட்டிக் கிடத்தி, முழங்கைகளை முன்னால் உயர்த்தினேன். பாரத்தைத் தோள்தான் தாங்க வேண்டும், விரல்கள் சும்மா கொக்கி மாட்டினால் போதும். முழங்கை தாழ்ந்தால் முதுகு கூனும். அதை எத்தனை முறை மறந்தேன் என்று எண்ணவில்லை. பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, விரல் நுனியைச் சற்று வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வேன். குதிகால் தரையை விடக் கூடாது. முழங்கால் விரல் போகும் பக்கமே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. பின்னால் ஒரு பெஞ்சு. புட்டம் அதைத் தொட்டதும் எழுந்துவிட வேண்டும், சாய்ந்து உட்காரக் கூடாது.

இதெல்லாம் சீக்கிரம் வந்தது. மூச்சுதான் வரவில்லை. கடல் மூச்சு நெஞ்சில் நிற்பது, உடம்பு தளர்ந்திருக்கும்போது பிடிப்பது. இங்கே மூச்சை வயிற்றுக்கு இறக்கி, யாரோ குத்த வருகிறான் என்பதுபோல வயிற்றை இறுக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் மூச்சை விட்டுவிட வேண்டும். அடுத்ததற்கு அடுத்த மூச்சு. ஒவ்வொரு தடவையும் மூச்சை விடுவது எனக்குத் தோற்றுப்போவதுபோல இருந்தது. பலகையாய் விறைத்த முதுகோடு படுத்துக் கிடந்தவனுக்கு இன்னும் என்ன கௌரவம் என்று என்னையே திட்டிக்கொண்டு விட்டேன்.

துடுப்புக்குப் பிறகு வெறும் கம்பி. மறு கச்சான் காலம் வந்தபோது கம்பியில் சின்ன பிளேட்டுகள் ஏறியிருந்தன. பெஞ்சை எடுத்துவிடலாம் என்று தோன்றிய அன்று, முத்தையாபுரத்துக்கு ஆள் அனுப்பினேன்.

சூசை கிட்டங்கி வாசலிலேயே நின்றான்.

“உள்ள வால.”

“நான் இங்கனயே நிக்கேன், அத்தான். வேற யாரையாவது நிக்கச் சொல்லுங்க.”

“பின்னால நில்லு. கம்பியத் தொடாத. நான் அசச்சாலும் தொடாத. சாஞ்சா என்னப் பிடி, கம்பியப் பிடிக்காத. வெளங்குதா?”

“அசச்சா எப்படி அத்தான் சும்மா நிப்பேன்?”

“நிக்கணும்.”

வந்து நின்றான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. என் முதுகு உடனே இறுகியது. போய்விடச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

முதல் தடவை எழுந்தேன். இரண்டாவதும். மூன்றாவதில் உட்கார்ந்தவனுக்கு அடியில் எதுவும் இல்லை. பெஞ்சு இல்லாததால் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டேன். எழப் பார்த்தேன், தொடை நடுங்கியது. முழங்கை தாழத் தொடங்கியது. அன்றைய இருட்டு கண்ணோரத்தில் எட்டிப் பார்த்தது. வலது கை விரல்களில் அந்த அசைவு வந்து நின்றுவிட்டது. எனக்கு அது தெரிந்தது. இந்த முறை தெரிந்தது. பின்னால் சூசை, “மாதாவே, மாதாவே” என்று முனகிக்கொண்டிருந்தான். அவன் தொடவில்லை.

அசைக்கவில்லை நான். முழங்கைகளைத் தாழ்த்தி, கம்பியை முன்னால் விட்டுவிட்டு ஓர் எட்டு பின்னால் வைத்தேன். கம்பி தரையில் விழுந்து கிட்டங்கியே அதிர்ந்தது. முன்னால் வைத்துத் தூக்குவதன் பாதுகாப்பு அதுதான். தோற்றால் விட்டுவிடலாம். பின்தோளில் இருந்தால் விட வழியில்லாமல் அதற்கடியிலேயே மாட்டிக்கொள்வோம்.

பின்னால் நகர்ந்தவன் சூசையின் மேல் மோதினேன். அவன் கைகள் என் விலாவைச் சுற்றி இறுக்கிக்கொண்டன.

“நிக்கியளா? நிக்கியளா, அத்தான்?”

“நிக்கேன்ல. விடு, மூச்சு முட்டுது.”

அவன் விடவில்லை. நானும் விலகவில்லை.

வாடைக் காற்று திரும்பி, சங்குக் காலம் தொடங்கியபோது டாக்டரம்மா என் விரலை ஒரு முறை தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிப் பார்க்கச் சொன்னார். கயிற்றை இடுப்பில் கட்டாமல் அக்குளுக்குக் கீழே கட்டச் சொன்னார். முடிச்சைச் சூசை போட்டான். அவிழ்த்து மறுபடி போட்டான். மூன்றாவது தடவை போடப் போனவனைத் திட்டிவிட்டு இறங்கினேன்.

கடலடி நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. கல்லை விட்டேன். இரண்டு சங்கு கிடைத்தன, பெரிதில்லை. மூச்சு முட்டியது. காலை உதைத்து நானே மேலே போய்விடலாம். அதற்கு இப்போது என் கால் போதும். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கயிற்றை அசைத்தேன். உடம்பைத் தளர விட்டேன்.

அசைத்த உடனே இழுத்துவிட்டதாகத்தான் சூசை இன்றும் சாதிக்கிறான். இருக்கலாம். முன்பெல்லாம் அசைப்பதும் மேலே வருவதும் எனக்கும் ஒன்றாகத்தான் இருந்தன. இப்போது இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அன்று அங்கே நான் வெகு நேரம் நின்றேன். முதுகின் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகத் தெரிந்தது. வலது பெருவிரலைத் தூக்கிப் பார்த்தேன். எழும்பியது. அப்போது கயிறு இறுகியது.